பூனைமுடியும் எரியும் தோலும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. முகத்திலோ கை காலிலோ இருக்கிற முடியை எடுக்க வேண்டும், ஆனால் எதைச் செய்தாலும் தோல் சிவக்கிறது, எரிகிறது, குரு குருவாக வருகிறது, என்ன செய்வது? பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற எல்லாப் பதிலுக்கும் அதுதான் அடிப்படை. முடி ஒரு மாதம் கூடுதலாக இருந்தால் ஒன்றும் ஆகாது. புண்பட்ட தோலை மேலும் மேலும் புண்ணாக்கினால் அந்தக் கறுப்புத் தழும்பு வருடக்கணக்கில் இருக்கும். அதனால் தோல் முதலில், முடி அப்புறம்.

கேள்வி: எனக்கு 24 வயது, தக்கலை பக்கம். உதட்டுக்கு மேலேயும் தாடையிலும் முடி இருக்கிறது. த்ரெட்டிங் செய்தால் மறுநாளே வரிசையாகக் குரு. வேக்ஸ் போட்டதில் தோலே உரிந்து வந்தது. பிளீச் எரிகிறது. இப்போது சும்மா வெயிலில் போனாலே முகம் எரிகிறது. ஒரு வருடமாக முகம் வெளுக்க மெடிக்கலில் வாங்கிய கிரீம் ஒன்றை இரவில் போடுகிறேன், இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்துவிடுகிறது. அம்மா குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போடச் சொல்கிறார்கள். ரேசர் பட்டால் ஆம்பிளை மாதிரி தாடி வளரும் என்று சித்தி சொல்கிறார்கள். தை மாதம் கல்யாணம். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: மகளே, நீ முடியைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டே வந்து அந்த கிரீம் பற்றிய வரியில் நின்றுவிட்டேன். அந்த ட்யூபை எடுத்து, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார். மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. அதோடு நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும் மேல்தோலை உரிய வைக்கும் ட்ரெட்டினாயினும் சேர்ந்த கலவையாகத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். போட்ட கொஞ்ச நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லி, கூட வேலை பார்ப்பவள் சொல்லி இது கைக்குக் கை போகிறது. மாதக்கணக்கில் போடும்போது தோல் மெலிந்துவிடும், கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகளாக ரத்தக் குழாய்கள் தெரியும், வெயில் பட்டால் எரியும், பரு கிளம்பும், முகத்தில் முடியும் கூடும். ஆமாம், ஸ்டீராய்டு கிரீம் தொடர்ந்து போட்ட இடத்தில் முடி வளர்வது மருத்துவத்தில் தெரிந்த பக்க விளைவுதான். முடியை வளர்ப்பதும் அதுவாக இருக்கலாம், அந்த முடியை எடுக்க விடாமல் தோலைக் கெடுத்து வைத்திருப்பதும் அதுவாக இருக்கலாம். வேக்ஸில் தோல் உரிந்ததற்கும் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ட்ரெட்டினாயின் போடுகிற முகத்தில் மேல்தோல் பிடிப்பில்லாமல் இருக்கும், வேக்ஸ் முடியோடு அதையும் பிய்த்துக்கொண்டு வரும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், சாப்பிடும்போதும் நிறுத்திச் சில மாதங்கள் வரையிலும் முகத்துக்கு வேக்ஸ் ஆகாது.

இந்த ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் விதியைத் திருத்தி இறுக்கினார்கள். ஆனாலும் கவுண்டரில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். என்னிடம் வருகிற பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போது இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

அதற்காக நாளைக்கே ட்யூபைத் தூக்கி எறிந்துவிடாதே. ஒரு வருடம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து, வீங்கி, பரு பருவாகக் கிளம்பும், பயந்துபோய் மறுபடியும் அதையே போடத் தொடங்குவாய், எல்லோருக்கும் நடப்பது அதுதான். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் போ. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கேயே காட்டலாம். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வழி சொல்வார்கள். அதுவரை முகத்துக்கு மூன்றே பொருள்: வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். மஞ்சள், எலுமிச்சை, கடலை மாவு, ஸ்க்ரப், பிளீச் எதுவும் கிட்டே வரக்கூடாது.

அம்மா சொல்கிற குப்பைமேனி நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது, அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, பூச்சு அங்கே போய் அதை அழிப்பதில்லை. அரைத்த விழுதைக் காயவைத்துத் தேய்த்து எடுக்கும்போது மெல்லிய முடி கொஞ்சம் உரசி உடைந்து போகிறது, அதைத்தான் மஞ்சள் வேலை செய்கிறது என்று நம்புகிறோம். நல்ல தோல் அந்தத் தேய்ப்பைத் தாங்கும், உன் தோல் தாங்காது. மஞ்சளுக்கே ஒவ்வாமை வருகிறவர்களும் உண்டு, கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று வாங்குகிற பொடி பல நேரம் வேறு கிழங்காகவும் இருக்கும்.

இனி சித்தியின் பயம். சவரம் செய்தால் முடி அடர்த்தியாக வளருமா என்று 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் அளந்து பார்த்தார், அப்படி எதுவும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பார்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். வெட்டாத முடியின் நுனி கூர்ந்து மெலிந்து இருக்கும், பிளேடு பட்டதும் நுனி மொட்டையாகிவிடும், அது வெளியே எட்டிப் பார்க்கும்போது தடவினால் சொரசொரவென்று இருக்கும், கொஞ்சம் கறுப்பாகவும் தெரியும். அவ்வளவுதான். எத்தனை முடி, எவ்வளவு தடிமன் என்பதை வேரும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன, பிளேடு வேரைத் தொடுவதே இல்லை.

அதனால் உன் மாதிரித் தோலுக்கு நான் சொல்கிற வழி, முகத்துக்கென்று விற்கிற சின்ன பேட்டரி ட்ரிம்மர். தோலை ஒட்டிச் சுரண்டாமல் முடியைக் குட்டையாக மட்டும் வெட்டும், வேரை இழுக்காது, அதனால் குருவும் வராது. முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, அழுத்தாமல், பரு இருக்கும் இடத்தைத் தவிர்த்து ஓட்டு. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை வைத்து எடுத்துவிட்டு மாய்ஸ்சரைசர் போடு. தோல் ஆறின பிறகு இன்னும் வழவழப்பாக வேண்டுமென்றால் முகத்துக்கான ஒற்றை பிளேடு ரேசர் பயன்படுத்தலாம், ஆனால் உலர்ந்த முகத்தில் வேண்டாம், ஈரமாக்கி வாசனையில்லாத ஜெல் போட்டு, முடி சாய்கிற திசையிலேயே, ஒரு இடத்தில் ஒரு தடவை மட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை மகளே.

முடி நீக்கும் கிரீமைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் யாராவது சொல்வார்கள். அதில் இருக்கிற தயோகிளைக்கோலேட் என்ற பொருள் முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கரைக்கிறது, கலவையே கடுமையான காரத்தன்மை உள்ளது. நம் மேல்தோலும் கெரட்டினால் ஆனதுதான், எது முடி எது தோல் என்று அந்த கிரீமுக்குத் தெரியாது. இப்போதைய நிலையில் உன் முகத்துக்கு அது கூடவே கூடாது.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று நீ எழுதவில்லை. 35 நாளுக்கு மேல் தள்ளிப் போகிறது, தாடையில் முடி தடித்துக் கறுப்பாக இருக்கிறது, எடை கூடுகிறது, பரு அடங்கவே இல்லை என்றால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனில் நீர்க்கட்டி இல்லை என்றார்கள், அதனால் பிரச்சினை இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2003-ல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம், ஸ்கேனில் தெரிகிற மாற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தாலே, வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, அதைப் பிசிஓஎஸ் என்று சொல்வார்கள். மாத்திரை தொடங்கினாலும் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும், வேர் தன் சுற்றை முடித்துத்தான் புது முடியை மெலிதாக அனுப்பும். எஃப்ளோர்னிதின் என்ற கிரீம் ஒன்று உண்டு, முடியை எடுக்காது, வளர்ச்சியை மெதுவாக்கும், எட்டு வாரத்தில் பலன் தெரியும், நிறுத்தினால் பழையபடி வளரும். மெலிந்த தோலில் அதுவும் எரியும், ஆகவே இப்போது அது வேண்டாம், பிறகு உன் மருத்துவர் சொன்னால் பார்க்கலாம்.

கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் முகத்தில் புதிதாக எதையும் முயலாதே, ஃபேஷியல் என்றாலும் சரி. இரண்டு நாள் முன்னால் ட்ரிம்மர் ஓட்டிக்கொள், போதும். மேக்கப் போட வருகிறவரிடம் தோல் நிலையை முன்கூட்டியே சொல்லி, அவர் பயன்படுத்தும் பொருளைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு தவிர மனித உடம்பில் அநேகமாக எல்லா இடத்திலும் முடி உண்டு, மாப்பிள்ளைக்கும் அது தெரியும்.

கேள்வி: குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன், வீடு குழித்துறையில். 40 நாள் லீவில் வருகிறேன். தாடையில் முடி இருக்கிறது, தோல் சென்சிடிவ். இந்த லீவுக்குள் ஆறு சிட்டிங் லேசர் முடித்து நிரந்தரமாகப் போக்கித் தருவதாக ஒரு பார்லரில் சொல்கிறார்கள், முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தங்கச்சி. லேசர் ஒளி முடியிலுள்ள கறுப்பு நிறமியில் போய்ச் சூடாகி, அந்தச் சூட்டில் வேரைக் கெடுக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கிற பருவத்தில் உள்ள முடியில் மட்டும்தான் அது சரியாக வேலை செய்யும், அந்தந்தச் சமயத்தில் ஒரு பகுதி முடிதான் அந்தப் பருவத்தில் இருக்கும், மற்றவை உறங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு, ஆறு எட்டு முறை வரச் சொல்கிறோம். 40 நாளில் ஆறு முறை அடித்தால் உறங்குகிற வேர் அப்படியே இருக்கும், தோல்தான் ஆறு முறை சூடு வாங்கும். நிரந்தரம் என்ற வார்த்தையும் சரியல்ல. முடி நன்றாகக் குறையும், மெலியும், இடையிடையே மறுபடியும் ஒரு முறை போக வேண்டிவரும், பிசிஓஎஸ் இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

நம் தோலிலும் அதே கறுப்பு நிறமி நிறைய இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான விஷயம். கருவியைத் தவறாகத் தேர்ந்தால் முடிக்குப் போக வேண்டிய சூடு தோலில் தங்கிக் கொப்பளமாகும், பிறகு கறுப்போ வெள்ளையோ திட்டாக நிற்கும். மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மிகவும் பாதுகாப்பானது, 800, 810 அளவிலான டயோடு லேசரையும் குளிரூட்டியோடு கவனமாகச் செய்யலாம். எந்தக் கருவி, யார் இயக்குகிறார்கள், மருத்துவர் அங்கே இருப்பாரா, ஓர் ஓரத்தில் சோதனைக்கு ஒன்றிரண்டு அடித்துப் பார்த்துவிட்டு நாள் விட்டுத் தொடங்குவார்களா, கண்ணுக்கு மூடி உண்டா? இத்தனையையும் கூச்சப்படாமல் கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பல இடங்களில் சொல்வதே இல்லை. முகத்தில், குறிப்பாக நம் தெற்காசியப் பெண்களுக்கு, லேசருக்குப் பிறகு முடி குறையாமல் கூடிப்போவதும் உண்டு. எல்லோருக்கும் வராது, ஆனால் கன்னத்திலுள்ள மெல்லிய பூனைமுடியில் அடித்தால் வர வாய்ப்பு அதிகம், ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே. ஆகவே தாடையிலுள்ள தடித்த கறுப்பு முடிக்கு மட்டும் செய்யுங்கள், கன்னத்தை விட்டுவிடுங்கள்.

லேசர் செய்வதென்றால் நாலு வாரம் முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்ஸ், பிடுங்குதல் கூடாது, வேர் உள்ளே இருந்தால்தான் ஒளி பிடிக்கும். முந்தின நாள் ஷேவ் செய்யலாம், செய்யவும் வேண்டும். வெயிலில் கறுத்த முகத்தோடு போகக்கூடாது. நம் ஊருக்கு லீவில் வந்தால் முட்டம் கடற்கரை, கோவில் கொடை, சர்ச் திருவிழா, ஸ்கூட்டரில் சொந்தக்காரர் வீடு என்று வெயிலில்தான் பாதி நாள் போகும், அதையும் யோசியுங்கள். டாக்ஸிசைக்ளின் மாதிரி வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றாலோ, உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்பளம் வருமென்றாலோ, தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றாலோ முன்பே சொல்லிவிடுங்கள். லேசர் செய்த சில மணி நேரம் முடிக்காலைச் சுற்றிச் சிவந்து தடித்திருப்பது சகஜம், கொப்பளம் சகஜம் கிடையாது. உங்களுக்கு வசதி குவைத்தில் இருந்தபடியே, மாதம் ஒரு முறையாக, ஒரே மருத்துவரிடம் செய்வதுதான்.

கேள்வி: தூத்தூர் பக்கம், ஆழ்கடல் தொழில். வாரக்கணக்கில் கடலில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்ததும் ஷேவ் பண்ணினால் கழுத்தெல்லாம் குரு, சீழ் வைக்கிறது, முடி உள்ளேயே சுருண்டு கிடக்கிறது. பெண்களுக்கு மட்டும்தான் பதில் சொல்வீர்களா டாக்டரம்மா?

பதில்: உங்களுக்கும்தான் தம்பி. நெருக்கமாக வெட்டப்பட்ட சுருள் முடி திரும்பி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளர்கிறது, உடம்பு அதை முள் ஏறினதுபோல நினைத்து வீங்குகிறது. இப்போது இருக்கும் புண் ஆறும்வரை மூன்று நாலு வாரம் தாடியை விட்டுவிடுங்கள், கடலில் இருக்கும்போது அது உங்களுக்குச் சுலபம். முடி நீண்டதும் உள்ளே குத்தியது தானே வெளியே வந்துவிடும். வளைவு மேலே தெரிந்தால் சுத்தமான ஊசியால் மெதுவாகத் தூக்கி விடலாம், பிடுங்கக்கூடாது, பிடுங்கினால் அடுத்த முடியும் உள்ளேயே வளரும்.

கரைக்கு வந்ததும் நீண்ட தாடியில் நேரே பிளேடு வைக்காதீர்கள். முதலில் ட்ரிம்மரால் குட்டையாக்குங்கள். அப்புறம் உப்பு போக நல்ல தண்ணீரில் குளித்து, வெதுவெதுப்பான துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, முடி மெதுவான பிறகு ஒற்றை பிளேடு ரேசரால் முடி சாய்கிற பக்கமாகவே இழுங்கள். கழுத்தில் முடி ஒரே திசையில் இருக்காது, கையால் தடவிப் பார்த்தால் தெரியும். தோலை இழுத்துப் பிடித்து ஷேவ் செய்யாதீர்கள், அப்படி வெட்டிய முடி தோலுக்குக் கீழே போய் நிற்கும். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசர் உங்களுக்கு வேண்டாம். இன்னும் நல்லது, ட்ரிம்மரோடு நிறுத்திவிட்டு லேசான குறுந்தாடியாக வைத்துக்கொள்வது. சலூனில் என்றால் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள், மஞ்சள் காமாலை பி வைரஸ், எச்ஐவி பரவ ஒரு சின்னக் கீறல் போதும். படிகாரமும் ஸ்பிரிட் மணக்கும் ஆஃப்டர் ஷேவும் எரிச்சலைத்தான் கூட்டும். பிடரியில் கட்டி கட்டியாகத் தடித்திருந்தால் அது வேறு வகை, தோல் மருத்துவரிடம் சீக்கிரமே காட்டுங்கள், விட்டால் தழும்பு பெரிதாகும்.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை, 43 வயது. கையில் எப்போதும் அரிப்பும் வெடிப்பும். மகள் சடங்குக்காகப் பார்லரில் கைக்கு வேக்ஸ் எடுத்தேன், இரண்டாம் நாள் முழங்கை வரை நீர் கோர்த்துக் கொப்பளித்துவிட்டது. சூடு பட்டதா, வேறு எதுவுமா? காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி போட்டாலும் எனக்கு இப்படித்தான் வரும்.

பதில்: கடைசி வரியில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். சூடு பட்டிருந்தால் அந்த நேரத்திலேயே எரிந்து கொப்பளித்திருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் கழித்து அரிப்போடு நீர் கோர்த்தால் அது ஒவ்வாமை. பல வேக்ஸ்களில் ஒட்டுவதற்காகப் பைன் மரத்து ரோசின் பிசின் சேர்க்கிறார்கள், சில பிளாஸ்திரிகளின் பசையிலும் அதுதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆகிறதென்றால் உங்களுக்கு ஆகாதது ரோசினாக இருக்க வேண்டும், பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால் உறுதியாகத் தெரியும். இனி தேன் வேக்ஸ், சாக்லேட் வேக்ஸ் என்று பெயரைப் பார்க்காதீர்கள், டப்பாவின் பின்னால் ரோசின், கொலோஃபோனி என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் அக்கா, அதற்கு முன்னால் கையின் வெடிப்பு. முந்திரித் தோட்டில் வடியும் எண்ணெயில் கார்டோல், அனகார்டிக் அமிலம் என்று தோலைப் பொத்துப்போக வைக்கும் பொருட்கள் இருக்கின்றன, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் முன் கையில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ நன்றாகத் தடவி, முடிந்தால் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கழுவ வீரியமான சோப்பு வேண்டாம், கழுவின ஈரத்தோடேயே மறுபடி எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். அரிப்பும் வெடிப்பும் இருக்கிற கையில் வேக்ஸ், முடி நீக்கும் கிரீம், முடியை வேரோடு பிடுங்கும் எபிலேட்டர் கருவி எதுவும் கூடாது, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் காய்ச்சி வீட்டில் செய்கிற வேக்ஸ்கூட. அதில் ரோசின் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் இழுக்கிற இழுப்பு ஒன்றேதான், எலுமிச்சை வெடிப்பில் இறங்கினால் எரிச்சல் தாங்காது. தோல் முழுதாக ஆறின பிறகு விசேஷ நாளுக்கு ட்ரிம்மர் ஓட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஆரல்வாய்மொழி. உதட்டுக்கு மேலே முடி இருப்பதால் பள்ளிக்கூடத்தில் மீசை என்று கூப்பிடுகிறார்களாம், அழுகிறாள். இந்த வயதில் எதையாவது செய்யலாமா? அவளுக்கு எதைப் போட்டாலும் தடித்துவிடும்.

பதில்: இந்த வயதில் உதட்டுமேல் முடி கறுத்துத் தெரிவது இயல்பு, பருவம் தொடங்குகிற நேரம் அது. எட்டு வயதுக்கு முன்பே அக்குளிலோ கீழேயோ முடி வந்திருந்தால்தான் குழந்தை மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

எடுக்க வேண்டுமா என்று அவளிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் நீங்களே மேலே சொன்ன ட்ரிம்மரால் வெட்டிவிடலாம், சின்னப் பிள்ளை என்பதால் ஒரு தீங்கும் இல்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பாட்டியோ அத்தையோ பிடித்து உட்கார வைத்து எதையும் தேய்க்க விடாதீர்கள். வேக்ஸ், பிளீச், முடி நீக்கும் கிரீம் மூன்றும் இந்தத் தோலுக்கு ஆகாது. கிண்டலுக்கு மருந்து முகத்தில் இல்லை, வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்துப் பெயர் சொல்லிப் பேசுங்கள், பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்கிறார்கள் என்று அவர் தட்டிக்கழித்தால் தலைமை ஆசிரியரிடம் போங்கள். அழுதுகொண்டு வந்து உங்களிடம் சொன்னாளே, அந்தத் தைரியத்தை வீணாக்கக் கூடாது.

கேள்வி: 58 வயது, இரணியல். சர்க்கரை உண்டு. தாடையில் நாலைந்து வெள்ளை முடி தடிப்பாக வளர்கிறது. லேசர் செய்யலாமா?

பதில்: வெள்ளை முடியில் லேசர் பிடிக்காது, பிடிக்க நிறமி இல்லை. ஒவ்வொரு முடிக்காலிலும் மெல்லிய ஊசி விட்டு மின்சாரத்தால் அழிக்கிற எலக்ட்ராலிசிஸ் வெள்ளை முடிக்கும் வேலை செய்யும். 1875-லேயே அமெரிக்காவில் சார்லஸ் மிஷல் என்ற கண் மருத்துவர் கண்ணுக்குள் குத்தும் இமை முடியை எடுக்க அதைப் பயன்படுத்தினார். ஆனால் நாலைந்து முடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் அக்கா, சின்னக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஓட்டையில் சீழ் வைக்க வாய்ப்பு அதிகம். இந்த வயதில் சில முடி வருவது சகஜம். சில மாதத்திற்குள் வேகமாகப் பரவி, குரலும் தடித்து, உச்சந்தலை முடியும் கொட்டினால் மட்டும் தாமதிக்காமல் ஹார்மோன் பரிசோதனைக்குப் போங்கள், சினைப்பையிலோ சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: எட்டு மாத கர்ப்பம், கொல்லங்கோடு. வயிற்றிலும் முகத்திலும் முடி கூடியிருக்கிறது. பிரசவத்துக்குப் போகும் முன் கீழே ஷேவ் செய்துவிட்டு வர வேண்டும் என்கிறார்கள், எனக்கு பிளேடு பட்டாலே தடிப்பு வருகிறது. யாரிடமும் கேட்க வெட்கமாக இருக்கிறது.

பதில்: இதில் வெட்கம் எதற்கு மகளே, இந்தப் பக்கத்தைப் படிக்கிற பாதிப் பேருக்கு இதே கேள்வி இருந்திருக்கும். பிரசவத்துக்கு முன் வழக்கமாக எல்லோருக்கும் ஷேவ் செய்ய வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. பிளேடு போடுகிற கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி ஏறும். உனக்குச் சங்கடமாக இருந்தால் கத்தரிக்கோலாலோ ட்ரிம்மராலோ குட்டையாக வெட்டிக்கொள், வயிறு பெரிதாக இருப்பதால் நீயே குனிந்து செய்யாமல் அம்மாவையோ அக்காவையோ வீட்டுக்காரரையோ உதவிக்குக் கூப்பிடு. சிசேரியன் என்றால் தேவையான இடத்தில் மட்டும் ஆஸ்பத்திரியிலேயே கிளிப்பரால் எடுத்துக்கொள்வார்கள். அங்கே யாராவது ஏன் ஷேவ் செய்யவில்லை என்று கேட்டால், தோலுக்கு ஆகாது, டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன் என்று சொல், அதற்கு முன் உன் டாக்டரிடமும் உண்மையாகவே சொல்லி வை.

வயிற்றிலும் முகத்திலும் கூடியது கர்ப்ப கால ஹார்மோனால் வந்தது, பெரும்பாலும் பிள்ளை பிறந்த ஆறு மாதத்திற்குள் தானே உதிர்ந்துவிடும். அதுவரை லேசரும் எஃப்ளோர்னிதினும் வேண்டாம், முன்பு ஹார்மோனுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை இப்போது தொடவே கூடாது. வயிற்றில் அரிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவு. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சேர்த்து ராத்திரியில் தூங்க விடாத அளவுக்கு அரித்தால் அது முடி விஷயமோ தோல் விஷயமோ அல்ல, ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், விடிந்ததும் உன் மகப்பேறு மருத்துவரைப் போய்ப் பார்.